ஆற்றுக்கும் கிணற்றுக்கும் நடுவே

மழை நின்று வாரக்கணக்கில் ஆன பிறகும் ஓர் ஆறு ஓடுகிறது, மேலே அணையும் இல்லை, பனிமலையும் இல்லை என்றால் அதில் ஓடுவது பெரும்பாலும் நிலத்தடி நீர்தான். கரையிலிருந்தும் படுகையின் அடியிலிருந்தும் கசிந்து வந்து சேர்கிறது. சில இடங்களில் நேர்மாறு: ஆறு போகிற வழியெல்லாம் மண்ணுக்குத் தண்ணீரைக் கொடுத்துக்கொண்டே போகும். ஆற்றை ஒருவர், கிணற்றை இன்னொருவர் எனத் தனித்தனியே சோதித்தால், ஒன்றின் அழுக்கு மற்றொன்றுக்கு எப்படி வந்தது என்பது இருவருக்குமே தெரியாமல் போய்விடும்.

தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று அறிவது சுலபம். கரையோரம் ஒரு கண்காணிப்புக் கிணறு போதும். அடிப்பகுதியில் மட்டும் துளையிட்ட ஒல்லியான குழாய்தான் அது. அதன் நீர்மட்டத்தையும் ஆற்றின் நீர்மட்டத்தையும் ஒரே நேரத்தில் அளந்து ஒப்பிட வேண்டும். கிணற்று மட்டம் உயரமாக இருந்தால் நீர் ஆற்றை நோக்கிப் போகிறது. தாழ்வாக இருந்தால் ஆறுதான் இழக்கிறது. மட்ட வித்தியாசத்துக்கு ஏற்ப ஓட்டம் கூடும் என்பதை பிரெஞ்சுப் பொறியாளர் ஹென்றி டார்சி 1856இலேயே மணல் நிரப்பிய குழாயை வைத்துக் காட்டிவிட்டார். ஆனால் ஒரு தடவை அளந்துவிட்டு முடிவுகட்ட முடியாது. வெள்ளம் வந்தால் திசை மாறும். பக்கத்தில் ஒரு பெரிய பம்ப் ஓட ஆரம்பித்தாலும் மாறும்.

மாதிரி எடுப்பதுதான் உண்மையில் சிக்கலான வேலை. குழாய்க்குள் பல நாளாகத் தேங்கி நிற்கும் நீர் காற்றோடு பழகிவிட்டது. மண்ணுக்குள் இருக்கும் நீரின் குணம் அதில் இல்லை. அதை முதலில் இறைத்துக் கொட்ட வேண்டும். பம்பை மெதுவாக ஓடவிட்டு, வெளிவரும் நீரின் பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் அளவு), மின்கடத்துத்திறன், கரைந்த ஆக்சிஜன் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எண்கள் அசையாமல் நின்ற பிறகுதான் பாட்டில் திறக்கப்படும்.

அப்புறமும் நிம்மதி இல்லை. ஆக்சிஜன் இல்லாத ஆழத்திலிருந்து வரும் நீரில் இரும்பு கரைந்திருக்கும். எடுக்கும்போது கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். காற்று பட்டுச் சற்று நேரம் போனால் பழுப்பாகி, அடியில் துருவாகப் படியும். நீரில் ஆர்செனிக் என்ற நச்சுப்பொருள் இருந்தால் அந்தத் துரு அதையும் ஒட்டவைத்து இழுத்துக்கொள்ளும். மேலே தெளிந்த நீரை மட்டும் சோதித்தால் ஆர்செனிக் குறைவு என்று அறிக்கை வரும்! அதனால்தான் உலோகங்களுக்கான மாதிரியைக் களத்திலேயே 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, துரு படியாமல் இருக்க நைட்ரிக் அமிலம் சேர்த்து, பிஎச் 2க்குக் கீழே கொண்டுவருகிறார்கள்.

சரி, ஆற்றின் எந்த இடத்தில் நிலத்தடி நீர் நுழைகிறது? இதற்கு ரேடான் என்ற கதிரியக்க வாயு உதவுகிறது. பாறையிலும் மண்ணிலும் உள்ள ரேடியத்திலிருந்து பிறந்து நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் இந்த வாயு, ஆற்றுக்கு வந்ததும் காற்றில் பறந்துவிடும். மிஞ்சியதும் 3.8 நாளில் பாதியாகிவிடும். ஆகவே ஆற்றின் ஒரு வளைவில் ரேடான் திடீரென ஏறினால், அங்கே அடியிலிருந்து புது நீர் வருகிறது என்று அர்த்தம்.

நைட்ரேட் விஷயத்தில் இந்த நுழைவாயில்கள் முக்கியம். வயலில் போட்ட உரத்திலிருந்து இறங்கும் நைட்ரேட்டுக்கு, குடிநீரில் உலக சுகாதார நிறுவனம் வைத்துள்ள வழிகாட்டு அளவு லிட்டருக்கு 50 மில்லிகிராம். ஆற்றுப்படுகைச் சேற்றில் ஆக்சிஜன் தீர்ந்து, மக்கிய இலைதழை நிறைய இருந்தால், அங்குள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக மாற்றி வெளியேற்றிவிடும். கிணற்றில் அதிகம், ஆற்றில் குறைவு என்று வந்தால் யாரும் தவறாக அளக்கவில்லை. சேறு வேலை செய்திருக்கலாம். படுகை வெறும் கூழாங்கல்லாக இருந்தால் அந்தச் சலுகை கிடைக்காது.

நீர் மண்ணுக்குள் போய் எத்தனை ஆண்டு ஆயிற்று என்ற வயதும் பார்க்க வேண்டும். 1950களிலும் 60களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் மழைநீரில் டிரிட்டியத்தை, அதாவது ஹைட்ரஜனின் கதிரியக்க வகையை, ஏற்றிவிட்டன. அதன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 12.3 ஆண்டு. டிரிட்டியம் அறவே இல்லாத நீர், அதற்கு முன்பே மண்ணுக்குள் போன நீர். ஓர் ஓடைக்கு ஊறிவரும் நீர் 30 ஆண்டு பழசு என்று தெரிந்தால், இந்த ஆண்டு உரத்தைக் குறைத்துவிட்டு அடுத்த ஆண்டே அந்த ஓடையில் நைட்ரேட் இறங்கியதா என்று தேடுவதில் பயனில்லை.