தளிக் குளிரில் சூடேறாத எஞ்சின்

மார்கழியில் விடியற்காலை ஐந்தரைக்குத் தளியில் வண்டியை எடுத்தால் டாஷ்போர்டு 12 டிகிரி, 13 டிகிரி என்று காட்டும். சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர், ‘குட்டி இங்கிலாந்து’ என்று பெயர் வாங்கியது சும்மா இல்லை. அங்கிருந்து ஓசூர் 25 கிலோமீட்டர். இரண்டாம் கையாக வாங்கிய என் டீசல் எஸ்யூவி ஓசூர் வந்து சேர்ந்த பிறகும் டெம்பரேச்சர் முள் கால்வாசியைத் தாண்டாது. மைலேஜ் லிட்டருக்கு 11. இதே மாடல் வைத்திருக்கும் மச்சானுக்கு 14 கிடைக்கிறது.

ஏர் ஃபில்டர் மாற்றினேன், டீசல் ஃபில்டர் மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் ஒரு மெக்கானிக் ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “அண்ணா, இதுல வால்வே இல்ல. முன்னாடி யாரோ கழட்டி விட்டிருக்காங்க.”

அவர் வால்வு என்றது தெர்மோஸ்டாட்டை. உள்ளங்கைக்குள் அடங்கும் சாமான். நடுவில் ஒரு சின்னப் பித்தளைக் குப்பி, அதற்குள் மெழுகு. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது மெழுகு கெட்டியாக இருக்கும், ஸ்பிரிங் வாயை மூடி வைத்திருக்கும். எஞ்சினின் சூட்டை ஏந்திச் செல்லும் திரவமான கூலன்ட், அதை ஆற வைக்கும் ரேடியேட்டர் பக்கம் போகாமல் எஞ்சினுக்குள்ளேயே ஒரு குறுக்கு வழியில் சுற்றி, சீக்கிரம் சூடாகும். 82 அல்லது 88 டிகிரி வந்ததும் (எந்த அளவு என்பது பெரும்பாலும் வால்வின் மேலேயே அச்சிட்டிருக்கும்) மெழுகு உருகி விரியும், உள்ளே இருக்கும் ஊசியைத் தள்ளும், வாய் திறக்கும். மின்சாரம் வேண்டாம், கம்ப்யூட்டர் வேண்டாம். இதை யோசித்தவர்களை நினைத்தால் எனக்கு இன்னமும் வியப்புதான்.

வால்வு இல்லாவிட்டால் முதல் நிமிடத்திலிருந்தே கூலன்ட் ரேடியேட்டருக்குப் போய் எதிர்க்காற்றில் ஆறிக்கொண்டே இருக்கும். எஞ்சின் குளிர்ந்தே ஓடினால் ஆயில் தடிமனாக இருக்கும். பிஸ்டனும் பேரிங்குகளும் அந்தப் பிசுக்கை இழுத்துக்கொண்டே ஓட வேண்டும், அதற்கான டீசலும் நம் டேங்கிலிருந்துதான் போகிறது. குளிர்ந்த சிலிண்டர் சுவரில் படும் டீசல் சரியாக எரியாது, கொஞ்சம் ஆயிலில் வழிந்து கலக்கும். சென்சார் ‘இன்னும் சூடாகவில்லை’ என்று சொல்லச் சொல்ல, கம்ப்யூட்டரும் குளிர்ந்த எஞ்சினுக்கான கணக்கிலேயே டீசலை விட்டுக்கொண்டிருக்கும். 2020-க்குப் பிறகு வந்த பிஎஸ்-6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் இன்னொரு தொல்லை: புகைக்கரியைப் பிடிக்கும் ஃபில்டர் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்ள எஞ்சின் நல்ல சூட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

“நம்ம ஊரு வெயிலுக்கு வால்வு எதுக்கு, கழட்டிட்டா வண்டி ஹீட் ஆகாது” என்ற பேச்சைக் கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் நானே பலமுறை கேட்டிருக்கிறேன். இதுதான் எனக்கு ஆற்றாமை. பல எஞ்சின்களில் அதே வால்வின் அடித்தட்டுதான், சூடு ஏறியதும் அந்தக் குறுக்கு வழியை அடைக்கிறது. வால்வைக் கழற்றினால் அந்த வழி திறந்தே கிடக்கும். பாதிச் சுடுநீர் ரேடியேட்டரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பிவிடும். சேலத்திலிருந்து முழு லோடோடு தொப்பூர் கணவாய் ஏறும்போது, ஹீட் ஆகாமலிருக்கக் கழற்றிய வண்டியே ஹீட் ஆகலாம்.

வால்வு கெட்டுப்போவதற்கு நம் தண்ணீரும் ஒரு காரணம். போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் சுண்ணாம்பு உப்பு படியும், வால்வு பாதி திறந்த நிலையிலேயே இறுகிவிடும். ஃப்ளூரைடு தொல்லைக்காக ஒகேனக்கல் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்த மாவட்டங்கள் இவை. நிலத்தடி நீரின் குணம் நமக்குத் தெரியாததல்ல. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும்தான் ஊற்ற வேண்டும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, ஃபேன் பக்கம் கை போகாமல் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள். வால்வு நன்றாக இருந்தால் ஹோஸ் வெகுநேரம் சில்லென்றே இருந்து, பிறகு சடாரென்று சுடும். ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் சந்தேகப்படலாம். ஓசூரிலிருந்து சூளகிரி வழியாகக் கிருஷ்ணகிரிக்கு இறங்கும் சரிவில் முள் கீழே விழுந்தாலும் அதே கதைதான். எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியை மட்டும் திறக்கவே கூடாது.

காலையில் பத்து நிமிடம் நிறுத்தி வைத்தே ஓடவிடுவதும் வீண். டீசல் எஞ்சின் ஐடிலில் சூடாவதே இல்லை என்று சொல்லலாம். சிலிண்டரை முன்கூட்டியே சூடாக்கும் ஹீட்டர் பிளக்கின் டாஷ்போர்டு விளக்கு அணைந்ததும் ஸ்டார்ட் செய்து, அரை நிமிடம் பொறுத்து, முதல் சில கிலோமீட்டர் 2000 ஆர்பிஎம்முக்குள் பதமாக ஓட்டினால் போதும். டயர் காற்றையும் குளிரில்தான் பார்க்க வேண்டும்: 5, 6 டிகிரி இறங்கினால் சுமார் 1 பிஎஸ்ஐ குறையும்.

புது வால்வு போட்ட மறுநாள் வழியில் நிறுத்திப் பானெட்டைத் திறந்தேன். முள் பாதியை நெருங்கிக்கொண்டிருந்தது, மேல் ஹோஸ் பனியில் நனைந்த கல் மாதிரி குளிர்ந்திருந்தது. மத்திகிரி தாண்டித் தொட்டபோது விரல் சுட்டது. தை மாதக் கணக்கில் லிட்டருக்கு 13.