அப்பாவுக்கு பிராண்ட் பெயரை மட்டும் அனுப்பாதீர்கள்

பிராண்ட் பெயரை நம்பி வாங்கிய கணினியோடு என் பழுதுபார்க்கும் கடைக்கு ஒருவர் வந்து நிற்பது இந்த மாதத்தில் இது நான்காவது முறை. அதனால்தான் கடையை அடைத்த கையோடு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சனிக்கிழமை பிற்பகல் ஒரு பெரியவர் வந்தார். 71 வயது, துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். துணிப்பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து, சுற்றியிருந்த துண்டைப் பிரித்து, பத்திரமாக மேசைமீது வைத்தார். வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறதாம். விண்டோஸ் ஏதோ எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருக்கிறது, மூடினாலும் மறுபடி வருகிறது என்றார். ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய பொருள். 450 சிங்கப்பூர் வெள்ளி கொடுத்திருக்கிறார்.

“ஐ7 தானே தம்பி? மகன் ஐ7தான் வாங்கச் சொன்னான்.”

கைப்பேசியை என் பக்கம் திருப்பிக் காட்டினார். மெல்பர்னில் இருக்கும் மகன் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தி: “இன்டெல் ஐ7 பாத்து வாங்குங்கப்பா. ஏஎம்டி வேணாம், ரொம்ப சூடாகும்.” அதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. இன்டெலும் ஏஎம்டியும் கணினியின் மூளையான புராசசரைத் தயாரிக்கும் நிறுவனங்கள். ஐ5, ஐ7 என்பவை இன்டெல் புராசசர் வரிசைகளின் பெயர்கள். ஏஎம்டியின் வரிசைக்குப் பெயர் ரைசன். அதை நம்பி அந்த மனிதர் மூன்று கடை ஏறி இறங்கி ‘ஐ7, ஐ7’ என்று கேட்டு வாங்கியிருக்கிறார்.

உள்ளே இருந்தது ஐ7-7500யு, அதாவது 7-ஆம் தலைமுறை. 2016-இல் வந்தது. கோர், அதாவது புராசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் அலகு, இரண்டே இரண்டு. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்றுக்கொள்வது இன்டெலில் 8-ஆம் தலைமுறையிலிருந்துதான். ஏஎம்டியில் ரைசன் 2000 வரிசையிலிருந்து, அதிலும் எல்லாம் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திருத்தங்களுக்கு அவரைப் பதிவு செய்துகொடுத்தேன். அதுவும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். அப்புறம் அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க நானே சம்மதிக்க மாட்டேன்.

விற்றவர் பொய் எதுவும் சொல்லவில்லை. ஐ7 கேட்டார், ஐ7 கொடுத்தார்கள். பயன்படுத்திய பொருளுக்கும் இங்கே ‘லெமன் லா’ என்ற, பழுதான பொருளை வாங்கியவருக்கான சட்டப் பாதுகாப்பு உண்டு. வாங்கிய ஆறு மாதத்துக்குள் பழுது தெரிந்தால், அது வாங்கும்போதே இருந்ததாகத்தான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆனால் பழசாக இருப்பது பழுது ஆகாது. இந்த வழக்கை எங்கேயும் கொண்டுபோக முடியாது.

பெற்றோருக்குக் கணினி வாங்கித்தரும் பிள்ளைகளிடம்தான் நான் பேச வேண்டியிருக்கிறது. ‘இன்டெலா, ஏஎம்டியா’ என்ற கேள்வியை என்னிடம் வாரத்துக்கு ஐந்து பேராவது கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. ‘டாக்சியா, பஸ்ஸா’ என்று கேட்டால் எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு என்று திருப்பிக் கேட்க மாட்டோமா? இரண்டு நிறுவனமும் மிக நல்ல புராசசரும் செய்கின்றன, பெற்றோர் பக்கமே வரக் கூடாத புராசசரும் செய்கின்றன. வித்தியாசம் பெயரில் தெரியாது. பெயருக்குப் பின்னால் வரும் எண்ணில்தான் தெரியும்.

இன்டெல் என்ற ஒரே பெயருக்குள் பாருங்கள். செலரான் என்4020 இன்டெல்தான். இரண்டு கோர், 4 ஜிபி ராம், 64 ஜிபி சேமிப்பு என்று மலிவு விலையில் அடுக்கி வைத்திருப்பார்கள். விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளவே அதில் இடம் போதாது. என்100-உம் இன்டெல்தான். நான்கு சிறிய கோர், 6 வாட். ராம் போதுமான அளவு இருந்தால் செய்தி படிக்க, மின்னஞ்சல் பார்க்கத் தாங்கும். ஐ5-1335யு இன்டெல்தான், பத்து கோர். இந்த மூன்றும் ஒரே ரகமா? அந்தப் பெரியவர் வாங்கிய ஐ7-ஐ, 2017-இல் வந்த ஐ5-8250யு நான்கு கோரோடு அன்றைக்கே தாண்டிப் போய்விட்டது. ஐ7 என்றால் ஐ5-ஐவிட வேகம் என்பது ஒரே தலைமுறைக்குள் ஒரே வகைக்குத்தான் பொருந்தும்.

ஏஎம்டி பக்கம் இன்னும் கவனம் வேண்டும். ரைசன் 5 7520யு, ரைசன் 5 7530யு என்று இரண்டு உண்டு. ஒரே ஓர் எண் வேறு. விலை அட்டையில் இரண்டுக்கும் ‘ரைசன் 5’ என்றுதான் போட்டிருக்கும். 7520யு நான்கு கோர், 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு. 7530யு ஆறு கோர், ஜென் 3. இந்த வரிசையில் மூன்றாவது இலக்கம்தான் வடிவமைப்பு எந்தக் காலத்தது என்று சொல்லும். முதல் இலக்கமான 7 வெறும் வெளியீட்டு ஆண்டுக் கணக்கு. போதாக்குறைக்கு, 7520யு ஏற்கும் ராம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வரும் வகை. 8 ஜிபி வாங்கினால் அந்தக் கணினியின் ஆயுள் முழுக்க 8 ஜிபிதான். ‘அப்புறம் ராம் கூட்டித் தாங்க’ என்று கொண்டுவருகிறார்கள். திறந்து காட்டி, முடியாது என்று சொல்வதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை.

இப்போது என்னை மிகவும் நோகடிக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ‘ஏஎம்டி சூடாகும்.’

இருபது வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா பிள்ளைக்குச் சொல்லி, பிள்ளை இப்போது அப்பாவுக்கே திருப்பிச் சொல்கிறது. இதற்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது, மறுக்கவில்லை. 2001 வாக்கில் ஏஎம்டியின் அத்லான் புராசசரிலிருந்து, வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க் தகடு கழன்றால், சில நொடிகளில் கருகிவிடும். அதே காலத்து பென்டியம் 4 தானே வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கும். 2013-இல் ஏஎம்டி விற்ற எஃப்எக்ஸ்-9590 என்ற மேசைக்கணினி புராசசரின் வெப்பக் கணக்கு 220 வாட். அடுப்பு மாதிரிதான். ஆனால் 2017-இல் ரைசன் வந்ததோடு அந்தக் கதை முடிந்துவிட்டது. 2023-இல் வந்த இன்டெலின் ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கிறது. அதற்காக ‘இன்டெல் சூடாகும்’ என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. உங்கள் அம்மா அதை வாங்கப்போவதே இல்லை. அவர் வாங்கப்போவது பெயரின் கடைசியில் யு எழுத்து போட்ட மெல்லிய லேப்டாப். அந்த வகையில் இரண்டு நிறுவனமும் பெரும்பாலும் 15 வாட் அடிப்படையில்தான் புராசசரை வடிவமைக்கின்றன.

பிறகு ஏன் சூடாகிறது? நான் திறந்து பார்ப்பதைச் சொல்கிறேன். ஃபேன் இறக்கைக்கும் ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவே தூசு ஒரு துணி மாதிரி படிந்திருக்கும். அதை அப்படியே உரித்தெடுக்கலாம். வெளியே 32 பாகை, வரவேற்பறையில் ஏர்கான் இல்லை, லேப்டாப் சோபாவில் குஷன்மேல் உட்கார்ந்திருக்கிறது, அடியில் இருக்கும் காற்றுத் துளை முழுவதும் அடைபட்டிருக்கிறது. இன்டெல் என்றால் 100 பாகையைத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஏஎம்டி என்றால் அதை ஒட்டிய அளவில் குறைத்துக்கொள்ளும். இரண்டும் ஒரே மாதிரி மூச்சுத் திணறும். இந்த மாதம் வந்த நான்கு பேரில் ஒருவர், ஏஎம்டி சூடாகிறது என்று சொல்லி அதை விற்றுவிட்டு இன்டெல் வாங்கினார். அதையும் மெத்தைமேல் வைத்துத்தான் பயன்படுத்தினார். எட்டே மாதத்தில் அதே புகாரோடு வந்து நின்றார். மேசைமேல் வையுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஃபேனைச் சுத்தம் செய்யுங்கள். இதைத் தயவு செய்து பெற்றோரிடம் சொல்லுங்கள். பிராண்டைச் சொன்னதற்குப் பதில் இதைச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் என்னிடம் வந்திருக்கவே மாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு பயம் உலவுகிறது. 2024-இல் இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினி புராசசர்கள் சிலவற்றில் கணினி திடீர் திடீரென்று நின்றுபோகும் கோளாறு வந்தது. இன்டெல் திருத்தம் வெளியிட்டது, வாரண்டியையும் 2 ஆண்டு நீட்டித்தது. லேப்டாப் புராசசர்களை அந்தக் கோளாறு பாதிக்கவில்லை என்றும் சொன்னது. அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டு அம்மாவுக்கு வாங்கிய லேப்டாப்பைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள்.

‘ஏஎம்டியில் எல்லா சாஃப்ட்வேரும் ஓடாதாமே’ என்பவர்களுக்கு: இன்று இன்டெல் லேப்டாப்பில் ஓடும் 64-பிட் விண்டோஸ், 2003-இல் ஏஎம்டி கொண்டுவந்த கட்டளைத் தொகுதியின் (புராசசருக்குப் புரியும் மொழி) மேல்தான் ஓடுகிறது. அடுத்த ஆண்டே இன்டெலும் அதை எடுத்துக்கொண்டது. ‘ஏஎம்டி எங்கேயோ செய்வது, இன்டெல்தான் அசல்’ என்பவர்களுக்கு: இரண்டு நிறுவனமுமே 1972-இலேயே நம் பக்கத்து பினாங்கில் ஆலை தொடங்கியவை. இப்போது இரண்டுமே தைவானின் டிஎஸ்எம்சியிடம் சில்லு செய்து வாங்குகின்றன. ஒன்றை வீட்டுப் பிள்ளையாகவும் மற்றதை அடுத்த வீட்டுப் பிள்ளையாகவும் பார்க்க ஒரு காரணமும் இல்லை.

சாஃப்ட்வேர் விஷயத்தில் உண்மையாகவே யோசிக்க வேண்டியது குவால்காமின் ஸ்னாப்டிராகன் புராசசர் போட்டு வரும் விண்டோஸ் லேப்டாப்புகள். அவை வேறு குடும்பம். பேட்டரி நன்றாக நிற்கும். ஆனால் அப்பா பத்து வருடமாக வைத்திருக்கும் பிரிண்டருக்கு அதில் டிரைவர் (பிரிண்டரை இயக்கும் மென்பொருள்) கிடைக்காமல் போகலாம். பிரிண்டரின் மாடலை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

மேசைக்கணினியைச் சொந்தமாகச் சேர்த்துக் கட்டும் பிள்ளைகளுக்கு ஓர் எச்சரிக்கை. ஐ5-12400எஃப் என்று எஃப் எழுத்தோடு முடிந்தால், திரைக்குப் படம் அனுப்பும் கிராஃபிக்ஸ் உள்ளே கிடையாது. ரைசன் 5 5600-லும் கிடையாது, 5600ஜி-யில் உண்டு. அம்மாவுக்கென்று பார்த்துப் பார்த்துக் கட்டிய கணினியில் படமே வரவில்லை என்று ஒரு தேசிய சேவைத் தம்பி கண் கலங்கி வந்தான். 20 வெள்ளி மிச்சம் பிடிக்க எஃப் வாங்கியிருந்தான்.

சரி, என்னதான் வாங்குவது? என் பதில் சின்னதுதான். ராம் 16 ஜிபி. எஸ்எஸ்டி 512 ஜிபி. கடந்த மூன்று நான்கு ஆண்டுகளுக்குள் வந்த, ஆறு கோருக்குக் குறையாத புராசசர், எந்த நிறுவனமாக இருந்தாலும். மிஞ்சும் பணத்தை ஐ7-க்கோ ரைசன் 7-க்கோ கொட்டாமல் நல்ல திரைக்குக் கொடுங்கள். கண்ணாடி போட்ட கண்ணுக்குப் புராசசர் வேகத்தைவிட, பளபளப்பில்லாத வெளிச்சமான ஐபிஎஸ் வகைத் திரை (பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் மங்காதது) பெரிய உதவி. சிம் லிம் கணினிக் கடைத்தொகுதியிலோ கணினிக் கண்காட்சியிலோ காட்சிக்கு வைத்திருப்பதில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். அதில் ‘பெர்ஃபார்மன்ஸ்’ பக்கத்தில் புராசசரின் முழுப் பெயரும் எண்ணும் வரும், ராம் எவ்வளவு என்பதும் வரும். அதைப் படமெடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பணம் கட்டுவதற்கு முன்னால். அந்த ஒரு படம் உங்கள் அப்பாவின் 450 வெள்ளியைக் காப்பாற்றும்.

அதற்கும் முன்னால், அவர் அதில் என்ன செய்யப்போகிறார் என்று கேளுங்கள். அந்தப் பெரியவரிடம் நான் கேட்டேன். காலையில் தமிழ் முரசு படிப்பார். மசேநிதிக் (மத்திய சேமநிதி) கணக்கைப் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு வீடியோ அழைப்பு. கோயில் தொண்டூழியர்களின் பெயர்ப்பட்டியலை எக்செலில் வைத்திருக்கிறார், அதில் தமிழில் தட்டச்சு செய்ய வேண்டும். இதில் எதற்கும் ஐ7 தேவையில்லை. நல்ல கேமரா வேண்டும், பெரிய எழுத்து தெரியும் திரை வேண்டும், எண் விசைகள் தனியாக உள்ள விசைப்பலகை வேண்டும். “மகன் இதெல்லாம் கேட்கலையா ஐயா?” என்றேன். “அவனுக்கு வேலை தம்பி” என்றார். எனக்கு அதற்கு மேல் பேச வரவில்லை.

பிள்ளைகளே, ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். நேரில் முடியாவிட்டால் வீடியோ அழைப்பிலாவது. எழுத்து அளவை 125 அல்லது 150 விழுக்காட்டுக்குக் கூட்டிக் கொடுங்கள். விண்டோஸ் 11-இலேயே தமிழ்99, அஞ்சல் இரண்டு விசைப்பலகையும் இருக்கின்றன. அவருக்குப் பழக்கமானது எது என்று கேட்டு அதைச் சேருங்கள். கூடவே வரும் சோதனைக்கால ஆன்டிவைரஸை நீக்கிவிடுங்கள். அது காலாவதியானதும் காட்டும் பயமுறுத்தலைப் பார்த்துவிட்டுத்தான் பலர் என்னிடம் ஓடிவருகிறார்கள். ரசீதைப் படமெடுத்து உங்கள் கைப்பேசியிலும் வைத்துக்கொள்ளுங்கள். வாரண்டிக்கு வரும் பெரியவர்களிடம் பெரும்பாலும் பெட்டி இருக்கும், ரசீது இருக்காது.