மரூஉப்பெயர்: தாந்தேயும் பீச்சேயும் வந்த வழி

இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் 'வீத்தா நுவோவா' என்ற நூலில் ஒரு சானெட் உண்டு, பதினான்கு வரிப் பாட்டு. இரண்டு பெண்கள் ஒருவர் பின் ஒருவராக நடந்து வருகிறார்கள்: மொன்னா வான்னா, மொன்னா பீச்சே. முதல்முறை படித்தபோது பீச்சே யாரோ புதியவள் என்று நினைத்துவிட்டேன். அந்த நூல் பாடுவதெல்லாம் கவிஞர் காதலித்த பெயாத்ரீச்சேயை அல்லவா? பிறகுதான் பிடிபட்டது: பெயாத்ரீச்சேதான் பீச்சே, ஜொவான்னாதான் வான்னா. 'மொன்னா' என்பதும் 'மதொன்னா' தேய்ந்து வந்த மரியாதைச் சொல், நம் 'அம்மையார்' போல.

முழுப்பெயர் ஒன்று பலர் வாயில் புழங்கிப் புழங்கிக் குறுகி நிற்கும் வடிவத்தை மொழியியலார் 'ஹைப்பகோரிஸ்டிக்' என்கிறார்கள். சொல் கிரேக்கம். 'கோரோஸ்' என்றால் சிறுவன், 'கோரே' என்றால் சிறுமி. அதிலிருந்து வந்த வினைக்குக் குழந்தையிடம் பேசுவதுபோல் கொஞ்சிப் பேசுதல் என்று பொருள். ஆகவே மழலைப் பேச்சுதான் இந்தச் சொல்லுக்கு வேர்.

வேரைப் பார்த்துவிட்டு இதைத் தமிழில் 'செல்லப்பெயர்' என்று எழுதிவிடத் தோன்றும். இடைக்கால இத்தாலியையோ பிரான்சையோ களமாக வைத்துக் கதை எழுதுகிறவரும் மொழிபெயர்க்கிறவரும் வழி தவறுவது இந்த இடத்தில்தான். செல்லப்பெயர் வீட்டுக்குள் வழங்குவது. அதற்கும் இயற்பெயருக்கும் தொடர்பு இருக்கவேண்டிய கட்டாயமும் இல்லை. மகேஸ்வரியைப் 'பட்டு' என்று கூப்பிடுவோம். தாந்தேயின் ஊரான ஃபிளாரன்ஸில் குறுகிய பெயர் வீட்டு வாசலைத் தாண்டித் தெருவிலும் சபையிலும் நடமாடியது, கல்லறை வரை கூட வந்தது. 1265இல் பிறந்த அந்தக் கவிஞரின் முழுப்பெயர் துராந்தே. அதை நமக்குக் காட்டித்தருவதே அவர் மறைந்து 22 ஆண்டுகள் கழித்து, 1343இல், அவருடைய மகன் தொடர்பாக எழுதப்பட்ட ஓர் ஆவணம்தான். 'தாந்தே என்று அழைக்கப்பட்ட துராந்தே' என்கிறது அது. உலகமே அறிந்த பெயர் குறுகிய பெயர். முழுப்பெயரைத் தேடித்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்குச் சரியான சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: மரூஉ. 'மருவு' என்ற வினையின் பெயர் அது. மருவுதல் என்றால் தழுவுதல், கலந்து பழகுதல். பழக்கத்தால் உருத்திரிந்த சொல் மரூஉ. கோயம்புத்தூர் கோவையானதும், தஞ்சாவூர் தஞ்சையானதும் பள்ளிக்கூடத்தில் படித்தவை. ஊர்ப்பெயர்களோடு நின்றுவிடும் இலக்கணம் என்று நினைக்க வேண்டாம். ஆதன் தந்தை ஆந்தையாகும், பூதன் தந்தை பூந்தையாகும் என்று தொல்காப்பியத்தின் புணர்ச்சி விதியே ஆட்பெயருக்கு இடம் வைத்திருக்கிறது. பிசிராந்தையார் பெயரில் இருக்கும் ஆந்தை அந்த வழியில் வந்ததுதான். எனவே ஹைப்பகோரிஸ்டிக் என்பதை 'மரூஉப்பெயர்' என்பதே முறை என்று நான் கொள்கிறேன். கொஞ்சலும் அதில் அடங்கும், ஊர் ஏற்புப் பெற்ற பெயர் என்பதும் அடங்கும்.

பட்டப்பெயரோடும் இதைக் குழப்பக்கூடாது. ஒரே வீட்டில் இரண்டும் இருந்த கதை ஓவியர் மசாச்சோவுடையது. 1401 டிசம்பர் 21, புனித தோமா திருநாளன்று பிறந்தவர், அதனால் தொம்மாசோ. தொம்மாசோ தலையை இழந்தால் 'மாசோ'. ஃபிளாரன்ஸின் பிரான்காச்சி சிற்றாலயச் சுவர்களில் அவரோடு சேர்ந்து வரைந்த மூத்த ஓவியரும் ஒரு தொம்மாசோ. அவர் '-லீனோ' ஒட்டி மசோலீனோ ஆனார், சின்ன மாசோ. இவர் '-ஆச்சோ' ஒட்டி மசாச்சோ ஆனார். அது பெருத்ததையும் ஒழுங்கற்றதையும் குறிக்கும் விகுதி. இரண்டும் மரூஉ. மசாச்சோவின் தம்பி ஜொவான்னியை மட்டும் ஊர் 'லோ ஸ்கெஜ்ஜா' என்றது. சிராய் என்று பொருள். ஜொவான்னி என்ற பெயர் தேய்ந்து வந்தது அல்ல அது, ஆகவே அது பட்டப்பெயர். அந்தத் தம்பி பிறந்த 1406ஆம் ஆண்டில்தான் தந்தை ஜொவான்னி இறந்தார். இறந்தவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்து அவரை மீண்டும் உண்டாக்குவது ஃபிளாரன்ஸ் இருக்கும் தொஸ்கானாப் பகுதியின் வழக்கம். பேரனைப் 'பெயரன்' என்ற நமக்கு அது எளிதில் புரியும்.

1427இல் ஃபிளாரன்ஸ் அரசு சொத்துவரிக்காகக் கணக்கெடுத்தது. 'கதாஸ்தோ' என்ற அந்தக் கணக்கில் சுமார் 60,000 குடும்பங்கள் வருகின்றன. மசாச்சோவும் விவரம் கொடுத்தார். அங்கே அவர் செர் ஜொவான்னி மகன் தொம்மாசோ. ('செர்' என்றால் தந்தை நோட்டரி என்று அர்த்தம்.) அந்தக் காலத்துக்குள் அன்டோனியோ, ஜொவான்னி, ஃபிரான்செஸ்கோ என்று புனிதர் பெயர்களே எங்கும் நிறைந்துவிட்டன. ஒரே தெருவில் பல ஜொவான்னிகள் இருந்தால் ஒருவன் நான்னி, ஒருவன் வான்னி என்று பிரித்துச் சொல்லத்தானே வேண்டும்? மரூஉ பெருகியதற்கு இது பெரிய காரணம். நூற்றைம்பது ஆண்டு முன்னால் போனால் காட்சி வேறு. 'நன்றாக வந்தாய்' என்று பிள்ளையை வரவேற்கும் பென்சிவென்னி, 'நல்ல துணை' என்னும் பொனாக்கோர்சோ போன்ற வாழ்த்துப் பெயர்கள் அன்று மிகுதி. பென்சிவென்னி தேய்ந்து சென்னி. ஓவியர் சிமாபுவேயின் உண்மைப் பெயர் அதுதான். பொனாக்கோர்சோ தேய்ந்து கோர்சோ. ஆகவே 1260இல் நடக்கும் கதைக்கும் 1427இல் நடக்கும் கதைக்கும் ஒரே பெயர்ப் பட்டியல் பொருந்தாது.

மரூஉவை நாமே வெட்டி உண்டாக்கவும் முடியாது. இத்தாலியன் பெரும்பாலும் அழுத்தம் விழும் அசையைக் காப்பாற்றிக்கொண்டு முன்பகுதியை விட்டுவிடும்: பார்த்தொலொமேயோ மேயோ ஆகும். சுப்பிரமணி மணியாவது போல. ஃபிரான்செஸ்கோ செக்கோ ஆவதில் மழலை கேட்கிறது. நடுவிலுள்ள 'ஸ்கோ' நாவுக்குக் கடினம் என்று 'க்கோ'வாக இளகிவிடுகிறது. லட்சுமி லச்சுவானதும் இதே இளக்கம். ஊருக்கு ஊர் தேய்வும் மாறும். வெனிஸில் ஜொவான்னி ஸுவான், ஜார்ஜோ ஸோர்ஸி. வெனிஸ் வணிகன் ஒருவனுக்கு நான்னி என்று பெயர் வைத்தால் அவன் ஃபிளாரன்ஸ்காரன் ஆகிவிடுவான்.

பிரான்சில் மரூஉ பெரும்பாலும் விகுதியோடு வரும். நிக்கொலா தலையிழந்து கோலா, பெண்ணானால் கோலெத். மார்கெரீத் மார்கோ, பியேர் பியரோ. 1292இல் பாரிஸில் தெருத்தெருவாக எழுதிய வரிப்பட்டியல் இப்படிப்பட்ட பெயர்களைத் தேட நல்ல இடம். ழான்-பியேர் என்று இரட்டைப் பெயர் கோப்பது பின்னாள் வழக்கம், 13ஆம் நூற்றாண்டுக் கதையில் வைத்தால் உறுத்தும்.

அந்த மண்ணில் மரூஉ என்ன வேலை செய்தது என்பதை ஒரு பெண்ணின் வாயாலேயே கேட்கலாம். 1431 பிப்ரவரி 21, ரூவான் நகர விசாரணை மன்றம். பெயர் என்ன என்று கேட்கிறார்கள். ஏறக்குறைய 19 வயதுப் பெண் சொன்ன விடை: என் ஊரில் என்னை ழானெத் என்றார்கள், பிரான்சுக்கு வந்தபின் ழான் என்றார்கள். நாம் ஜோன் ஆஃப் ஆர்க் என்று அறிந்தவர் அவர். கதையில் தொம்ரெமி கிராமத்துத் தாய் அவரைக் கூப்பிடும்போது ழானெத் என்றும், படைத்தலைவன் கூப்பிடும்போது ழான் என்றும்தான் எழுதவேண்டும்.