ஃப்ளை தூண்டில் வாங்குவதற்கு முன்

இங்கிலாந்தில் ஃப்ளை எனப்படும் செயற்கைப் பூச்சி கட்டிய தூண்டிலால், ட்ரௌட் என்னும் நன்னீர் மீனைப் பிடிக்கக் கற்றுக்கொடுப்பது என் தொழில். சில ஆண்டுகளாக என்னிடம் வரும் புதியவர்களில் நம்மவர்களும் இருக்கிறார்கள். மருத்துவர்கள், கணினித் துறையினர், யாழ்ப்பாணக் கரையில் கைத்தூண்டில் போட்டு வளர்ந்த பெரியவர்கள் எனப் பலரும் வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. வருத்தம் ஒன்றுதான். பலர் பாடத்துக்கு வரும் முன்பே கடைக்குப் போய்விடுகிறார்கள். கையில் பல நூறு பவுண்டு கொடுத்து வாங்கிய கார்பன் கோல் இருக்கும். அதற்குப் பொருந்தாத லைன் சுற்றியிருக்கும். நுனியில் மீனின் இழுப்பைத் தாங்காத அளவுக்கு மெல்லிய நைலான் நரம்பு கட்டியிருக்கும். பணம் வீணாவதைக்கூட விட்டுவிடலாம். பொருந்தாத கருவியோடு வீசுகிறவரின் கண்ணுக்கும் காதுக்கும் ஆபத்து. அவர் நல்ல மனத்தோடு திரும்ப நீரில் விடும் மீனும் பல நேரங்களில் பிழைப்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தக்கையும் ஈயக்குண்டும் போட்டுப் பழகியவர்களுக்கு முதலில் ஒன்று விளங்க வேண்டும். அங்கே குண்டின் எடை நரம்பை இழுத்துக்கொண்டு போகிறது. இங்கே அந்தக் குண்டு இல்லை. இறகும் நூலும் சுற்றிச் செய்த செயற்கைப் பூச்சிக்கு எடை மிகக் குறைவு. அதைக் கையால் எறிந்தால் நாலடி போகாது. எடை முழுவதும் லைனில் இருக்கிறது. பிளாஸ்டிக் பூச்சுப் போட்ட அந்தத் தடித்த லைன் காற்றில் பின்னோக்கி நீளும்போது கோல் வளைகிறது. கோல் நிமிரும்போது லைன் முன்னோக்கிப் பாய்கிறது. பூச்சி அதன் பின்னால் போகிறது. ஆகவே கோலும் லைனும் ஒன்றுக்கொன்று பொருந்தாவிட்டால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் பயன் கிடையாது.

இந்தப் பொருத்தத்துக்கு ஓர் எண்முறை இருக்கிறது. அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர்கள் சங்கம் 1961-இல் வகுத்தது; இன்றும் உலகம் முழுவதும் அதுவே அடிப்படை. லைனின் முதல் 30 அடி எவ்வளவு எடை இருக்கிறது என்பதை வைத்து எண் கொடுக்கப்படுகிறது. 5-ஆம் எண் லைனுக்கு 140 கிரெயின், அதாவது ஏறத்தாழ 9 கிராம். 7-ஆம் எண்ணுக்கு 185 கிரெயின், 12 கிராம். 8-ஆம் எண்ணுக்கு 210 கிரெயின், 13.6 கிராம். கோலின் கைப்பிடிக்குச் சற்று மேலே இந்த எண் எழுதப்பட்டிருக்கும். 7 என்று எழுதிய கோலில் 5-ஆம் எண் லைனைச் சுற்றினால் கோல் வளையவே வளையாது. வீசுகிறவர் தோள்பட்டை நோக மேலும் வேகமாக வீசுவார். லைன் கால்மாட்டில் குவியும். தவறு தன் கையில்தான் இருக்கிறது என்று எண்ணி மனம் தளர்ந்து விட்டுவிட்டுப் போனவர்களை நான் அறிவேன். அவர்கள் கையில் எந்தக் குறையும் இருக்கவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். எளிதாக வீச முடிகிறது என்ற எண்ணம் வாங்குபவருக்கு வர வேண்டும் என்பதற்காக, இப்போது விற்கும் லைன்கள் பலவற்றை அட்டையில் போட்டிருக்கும் எண்ணைவிட அரை எண், ஓர் எண் கூடுதல் எடையில் செய்கிறார்கள். பெட்டியின் பின்பக்கத்தில் கிரெயின் கணக்கு இருக்கும். அதைப் படித்துவிட்டு வாங்குங்கள். கடைக்காரர் சொல்லட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

எந்த எண்ணை வாங்குவது? எந்த நீரில் பிடிக்கப் போகிறீர்கள் என்பதைச் சொல்லாமல் இதற்கு விடை கிடையாது. டெவன், வேல்ஸ் பகுதிகளில் மரக்கிளைகள் கவிந்த சிற்றோடைகளுக்கு ஏழு, ஏழரை அடிக் கோலும் 3 அல்லது 4-ஆம் எண்ணும் போதும். ஹாம்ப்ஷயரின் சுண்ணாம்புப் பாறை ஆறுகளுக்கு 9 அடி, 5-ஆம் எண். ரட்லண்ட் வாட்டர், கிராஃபம் போன்ற பெரிய நீர்த்தேக்கங்களில் காற்று எப்போதும் அடிக்கும். பெரிய பூச்சியைத் தொலைவுக்கு அனுப்ப வேண்டியிருக்கும். அங்கே ஒன்பதரை அல்லது 10 அடிக் கோலும் 7-ஆம் எண்ணும் வேண்டும். ஸ்காட்லாந்தின் பெரிய சால்மன் ஆறுகளில் இரண்டு கைகளாலும் பிடிக்கும் 13 முதல் 15 அடிக் கோல்கள். புதியவர்கள் அந்தப் பக்கம் இப்போது போக வேண்டாம். ஒரே ஒரு கோல்தான் வாங்க முடியும், சிறு குளத்துக்கும் ஆற்றுக்கும் அதுவே உதவ வேண்டும் என்பவர்களுக்கு 9 அடி, 6-ஆம் எண் என்று சொல்வேன்.

கோல்களில் பிளவுண்ட மூங்கிலில் செய்தவை உண்டு, கண்ணாடி இழைக் கோல்கள் உண்டு. இன்று கடையில் கிடைப்பவை பெரும்பாலும் கார்பன் இழையில் செய்தவை. நுனி மட்டும் வளைகிற விறைப்பான கோலை 'வேகமானது' என்று புகழ்ந்து விற்பார்கள். தேர்ந்த கைக்கு அது நல்லதுதான். கற்றுக்கொள்கிறவருக்கு நடுப்பகுதிவரை வளையும் கோலே ஏற்றது. லைன் பின்னால் நீண்டுவிட்டதைக் கையால் உணர முடியும். நூறு பவுண்டுக்குள் அடங்கும் கோல்களில் நல்லவை பல இருக்கின்றன. மிச்சப்படும் பணத்தை லைனில் போடுங்கள். நல்ல லைன் சாதாரணக் கோலைத் தூக்கி நிறுத்தும். மலிவான லைன் சுருள் சுருளாகவே இருந்து விலையுயர்ந்த கோலையும் கெடுக்கும். முதல் லைன் மிதப்பதாக, முன்பகுதி தடித்ததாக இருக்கட்டும். ட்ரௌட்டுக்கு ரீல் என்பது பெரும்பாலும் லைனைச் சுற்றி வைக்கும் இடம்தான். அதில் அதிகம் செலவழிக்க வேண்டியதில்லை.

வீசும் முறையை எழுத்தில் முழுவதும் சொல்ல முடியாது. ஆனாலும் ஒன்று. ஈரத் துண்டை உதறும்போது கை மெல்லத் தொடங்கி, வேகமெடுத்து, சட்டென்று நிற்கிறது அல்லவா? கோலின் இயக்கமும் அதுதான். அந்த நிறுத்தத்தில்தான் லைன் பறக்கிறது. பின்வீச்சில் நின்ற பிறகு லைன் முழுவதும் நீளும்வரை பொறுக்க வேண்டும். பொறுக்காமல் முன்னே இழுத்தால் சாட்டை வெடிப்பதுபோல் ஓசை கேட்கும். பூச்சி அறுந்து போயிருக்கும். முள் இல்லாமல், நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டி, பூங்காவின் புல்வெளியில் பழகுங்கள். மீன் பிடிக்கும் ஆசையையும் வீசக் கற்பதையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளக் கூடாது.

கண்ணைப் பற்றி நான் கடுமையாகவே பேசுவேன். கூரான முள் ஒன்று உங்கள் தலையைச் சுற்றி ஒவ்வொரு வீச்சிலும் இரண்டு முறை மிக விரைவாகப் போகிறது. கண்ணாடி இல்லாமல் என் வகுப்பில் எவரும் முள்ளைக் கட்டுவதில்லை; குழந்தைகளுக்கும் விலக்கு இல்லை, அருகில் நின்று வேடிக்கை பார்ப்பவர்களுக்கும் விலக்கு இல்லை. பாலிகார்பனேட் கண்ணாடி எளிதில் உடையாது. ஒளிக்கூச்சத்தைத் தடுக்கும் வகையாக இருந்தால் நீருக்குள் இருக்கும் மீனும் தெரியும். தொப்பியும் அவசியம். வலக்கையால் வீசுகிறவருக்கு வலப்பக்கத்திலிருந்து காற்று அடித்தால் லைன் முகத்தின் மேல்தான் வரும். அப்போது கோலை இடத்தோளுக்கு மேலாகச் சாய்த்து வீச வேண்டும். அல்லது நீருக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று, பின்வீச்சில் பூச்சியை நீரில் போட வேண்டும். இரண்டும் வராதவர் வேறு கரைக்குப் போய்விட வேண்டும். ஒரு நாளின் மீனுக்காகக் கண்ணைப் பணயம் வைக்க வேண்டாம்.

கார்பன் இழை மின்சாரத்தைக் கடத்தும். இதைச் சொன்னால் படித்தவர்களே வியப்போடு பார்க்கிறார்கள். உயர் அழுத்தக் கம்பியைக் கோல் தொட வேண்டும் என்பதுகூட இல்லை. அருகில் போனாலே மின்சாரம் தாவும். மேலே செல்லும் மின்கம்பிகளிலிருந்து 30 மீட்டருக்குள் தூண்டில் போடக் கூடாது என்பது பிரிட்டனில் எல்லோருக்கும் சொல்லப்படும் விதி. வீசும்போது மட்டும் நினைவில் வைத்தால் போதாது. பூட்டிய கோலை நிமிர்த்திப் பிடித்தபடி வயலைக் கடந்து நடக்கும்போதுதான் தலைக்கு மேலே பார்க்க மறக்கிறோம். கம்பி இருக்கும் இடத்தைக் கடக்கும்முன் கோலைக் கழற்றிவிடுங்கள். இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டுக் காருக்குள் போய் உட்காருங்கள்.

இனி நுனி நரம்பு. லைனுக்கும் பூச்சிக்கும் இடையில் ஒன்பது அடி நீளத்துக்கு, அடியில் தடித்து நுனியில் மெலியும் லீடர் இருக்கிறது. அதன் கடைசித் துண்டை டிப்பெட் என்கிறார்கள். இதன் தடிமனை எக்ஸ் கணக்கில் சொல்வார்கள். பதினொன்றிலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் வருவது, ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்பது. 5 எக்ஸ் என்றால் ஆயிரத்தில் ஆறு பங்கு, அதாவது 0.15 மில்லிமீட்டர். எண் கூடக்கூட நரம்பு மெலியும். மெல்லிய நரம்பு மீனின் கண்ணுக்குப் படாது, பூச்சியும் இயல்பாக மிதக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால், மெல்லிய நரம்பில் மீனை 'விளையாட்டாக'ப் பிடிப்பதே திறமை என்ற ஒரு பெருமை இந்தக் கலையில் இருக்கிறது. அதை நான் முழுமனதோடு எதிர்க்கிறேன்.

நரம்பு அறுந்துவிடும் என்று பயந்து மீனைப் பத்து நிமிடம் ஓடவிட்டால், அதன் தசைகளில் லாக்டேட் சேர்கிறது, இரத்தம் அமிலமாகிறது. அப்படிக் களைத்த மீனை வெளியே எடுத்துப் படம் பிடிக்கிறோம். 1992-இல் கனடாவில் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்னும் இருவர் வானவில் ட்ரௌட்டை ஆய்வகத்தில் சோதித்தார்கள். களைக்கும்வரை ஓடவிட்டு, காற்றில் எடுக்காமல் வைத்திருந்த மீன்களில் 12 விழுக்காடு 12 மணி நேரத்துக்குள் இறந்தன. ஓடவிட்டபின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38 விழுக்காடு. ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72 விழுக்காடு. ஆய்வகத்து மீன்களின் கணக்கு ஆற்றுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் எது கொல்கிறது என்பது தெளிவாகத் தெரிகிறது: நீண்ட போராட்டமும், அதன்பின் காற்றும். நீந்திப் போனதைப் பார்த்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்புகிறோம். அது இறப்பதை நாம் பார்ப்பதில்லை.

ஆகவே பூச்சி இயல்பாக இயங்கும் அளவுக்குள் எவ்வளவு தடித்த நரம்பு கட்ட முடியுமோ அவ்வளவு தடித்ததைக் கட்டுங்கள். நீர்த்தேக்கத்தில் 6 முதல் 8 பவுண்டு எடை தாங்குவது வேண்டும். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தொட்டு நனையுங்கள். உலர்ந்த நைலான் உராய்வில் சூடேறிப் பலவீனமாகும். கோலைத் தாழ்த்தி, பக்கவாட்டில் சாய்த்து இழுத்தால் மீன் விரைவில் அடங்கும். முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு செதிலைக் குறடால் நசுக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்து நொடியில் கழலும், உங்கள் விரலில் ஏறினாலும் அப்படியே கழலும். வலை முடிச்சில்லாத ரப்பர் வலையாக இருக்கட்டும். கையை நனைத்துவிட்டு, மீனை நீருக்குள்ளேயே வைத்து முள்ளை எடுங்கள். கோடையில் நீர் 20 டிகிரியை நெருங்கினால் ஆக்சிஜன் குறையும். அன்று மீனைப் பிடித்துத் திரும்ப நீரில் விடுவது என்ற பேச்சே வேண்டாம்.

சமைக்க எடுத்துப்போக அனுமதிச் சீட்டு இடம் கொடுத்தால் தாராளமாக எடுத்துப்போங்கள். அதில் ஒரு குற்றமும் இல்லை. சிறு தடியால் தலையில் ஒரே அடியில் முடித்துவிட வேண்டும், புல்லில் துடிக்கவிடக் கூடாது. சீட்டு என்றதும் நினைவுக்கு வருகிறது: இங்கிலாந்தில் 13 வயது நிரம்பிய எவருக்கும் அரசின் தூண்டில் உரிமம் வேண்டும், நீரின் உரிமையாளரிடம் வாங்கும் சீட்டு அதற்கு மேல் தனியாக. உரிமம் இல்லாமல் பிடிபட்டால் 2,500 பவுண்டுவரை அபராதம் விதிக்கலாம்.

கடைசியாக, நீரிலிருந்து கரையேறிய பிறகு செய்ய வேண்டியது. 2010-இல் கிராஃபம் நீர்த்தேக்கத்தில் 'கொலைகார இறால்' என்று அழைக்கப்படும் அயல்நாட்டுச் சிற்றுயிர் கண்டுபிடிக்கப்பட்டது. உள்ளூர்ப் பூச்சிகளையும் சிறு மீன்களையும் கொன்று தின்பது அது. ஈரமான வலையிலும் காலணியிலும் பல நாள் உயிரோடிருந்து அடுத்த நீர்நிலைக்கு நம்மோடு வந்துவிடும். நார்வேயில் கைரோடாக்டைலஸ் சலாரிஸ் என்னும் ஒட்டுண்ணி சால்மன் ஆறுகளைப் பாழாக்கியது. அதை ஒழிக்க ஆற்றில் நஞ்சு கலந்து எல்லா மீன்களையும் கொல்ல வேண்டியிருந்தது. பிரிட்டனுக்குள் அது இன்னும் வரவில்லை. வராமல் இருக்க வேண்டும் என்றால், விடுமுறைக்கு அங்கே போய்த் தூண்டில் போட்டவர்கள் எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்துவிட்டுத்தான் இங்கே நீரில் இறங்க வேண்டும். ஃபெல்ட் அடி போட்ட காலணி ஈரத்தை நெடுநேரம் தாங்கும் என்பதால் ரப்பர் அடி போட்டதையே வாங்குங்கள். வெட்டிப்போட்ட நரம்புத் துண்டுகளைப் பொறுக்கி எடுத்துப் பையில் போடுங்கள், அன்னங்களின் காலில் சுற்றிக்கொள்வது அதுதான். வீட்டுக்கு வந்ததும் வலையையும் காலணியையும் 45 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் ஊறவைத்து, வெயிலில் நன்றாகக் காயப்போடுங்கள். ஈரத்தோடு சுருட்டிக் காரின் பின்பெட்டியில் போட்டுவைத்து, அடுத்த வாரம் வேறோர் ஆற்றில் அப்படியே இறங்குவது மட்டும் கூடவே கூடாது.