குளோரைடைக் கண்டால் விடாத வெள்ளி

சிங்கப்பூரில் ஓ லெவல் வேதியியல் செய்முறைத் தேர்வு எழுதும் நம் பிள்ளைகளுக்கு இந்த வரி தலைகீழ்ப் பாடம்: நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர், பிறகு சில்வர் நைட்ரேட் சேர், வெள்ளை வீழ்படிவு (கரைசலிலிருந்து பிரிந்து படியும் திடப்பொருள்) வந்தால் குளோரைடு. சரி, அந்த அமிலம் எதற்கு? அந்த வெள்ளை எங்கிருந்து வருகிறது? மனப்பாடத்தோடு இதை விட்டுவிடக் கூடாது என்பது என் ஆசை. அவ்வளவு அழகான உப்பு இந்தச் சில்வர் நைட்ரேட்.

வெள்ளி லேசில் எந்த அமிலத்துக்கும் மசியாது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் போட்டால் அப்படியே கிடக்கும். நைட்ரிக் அமிலத்தில் கரையும்; செறிந்த அமிலமானால் பழுப்பு நிற நச்சுப் புகை கிளம்பும். கரைசலை வற்றவைத்தால் நிறமற்ற சில்வர் நைட்ரேட் படிகங்கள் கிடைக்கும். சுத்த வெள்ளியைக் கரைத்தால் கரைசலுக்கு நிறமே இருக்காது. சிராங்கூன் ரோட்டில் வாங்கிய 925 வெள்ளிக் கொலுசு என்றால் நீலம் தட்டும், கலந்திருக்கும் செம்பு காட்டிக்கொடுத்துவிடும்.

100 கிராம் தண்ணீரில் சில்வர் நைட்ரேட், அறை வெப்பத்தில், 200 கிராமுக்கு மேல் கரையும். சில்வர் குளோரைடோ லிட்டருக்குச் சுமார் 2 மில்லிகிராம்தான். வெள்ளி அயனியும் (மின்னேற்றம் பெற்ற அணு) குளோரைடு அயனியும் படிகமாகச் சேர்ந்துவிட்டால், தண்ணீரால் அவற்றைப் பிரித்தெடுக்க முடிவதில்லை. அதனால்தான் நம் குழாய்த் தண்ணீரில் சில்வர் நைட்ரேட் கரைசல் ஒரு சொட்டு விட்டாலும் கலங்கும். கிருமிநாசினிக்காகச் சேர்க்கும் குளோரின்தான் காரணம் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது தண்ணீரில் கரைந்திருக்கும் குளோரைடு உப்புகளின் வேலை. காய்ச்சி வடித்த நீர் தெளிவாகவே இருக்கும். ஈஸ்ட் கோஸ்ட் கடல்நீரில் விட்டால், பாலில் எலுமிச்சை பிழிந்ததுபோல் திரிதிரியாகத் திரளும்.

சரி, முதலில் சேர்த்த நைட்ரிக் அமிலம் எதற்கு? கார்பனேட்டும் வெள்ளியோடு சேர்ந்து வீழ்படிவு தரும், குளோரைடு என்று ஏமாந்துவிடுவோம். அந்த அமிலம் கார்பனேட்டைக் கரியமில வாயுவாக முன்கூட்டியே வெளியேற்றுகிறது. அதற்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஊற்றினால் அதுவே குளோரைடைக் கொண்டுவந்து சோதனையைக் கெடுத்துவிடும்.

அப்புறம் அம்மோனியா. அதைச் சேர்த்தால் வெள்ளை வீழ்படிவு மறைந்து கரைசல் தெளியும். வெள்ளி அயனியை இரண்டு அம்மோனியா மூலக்கூறுகள் பற்றிக்கொள்கின்றன. அயோடைடு தரும் மஞ்சள் வீழ்படிவு அதற்கெல்லாம் அசையாது. இரண்டையும் பிரித்தறிய இது நல்ல வழி.

சில்வர் குளோரைடு வெளிச்சம் பட்டால் ஊதா, சாம்பல் என்று கறுக்கும். ஒளி அதிலிருந்து வெள்ளி உலோகத்தை விடுவிக்கிறது. 18ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஷுல்ட்ஸே என்ற ஜெர்மானியர் வெள்ளி உப்புகள் வெப்பத்தால் அல்ல, ஒளியால்தான் கறுக்கின்றன என்று காட்டினார். சில்வர் நைட்ரேட்டைப் பழுப்பு பாட்டிலில் வைப்பதும், கையுறை போடச் சொல்வதும் இதனால்தான். விரலில் பட்டால் கறுத்த கறை சோப்புக்குப் போகாது, தோல் உதிரும்வரை இருக்கும்.