மைக்கோவைரஸ்: ‘பூஞ்சைக்கொல்லி’ வேண்டாமே

திருத்தித் தரச் சொல்லி வந்த கட்டுரையில் மறுபடியும் ‘பூஞ்சைக்கொல்லி வைரஸ்’. இந்த ஆண்டில் இது நான்காவது முறை. மூலத்தில் இருந்தது மைக்கோவைரஸ்.

மைக்கேஸ் என்றால் கிரேக்கத்தில் பூஞ்சை, காளான். வைரஸ் லத்தீனில் நஞ்சு. பூஞ்சையைத் தொற்றும் வைரஸ், அவ்வளவுதான். இதில் கொலை எங்கே வந்தது?

பாக்டீரியாவைத் தொற்றும் வைரஸான பாக்டீரியோஃபேஜைப் பார்த்து வந்திருக்கும். அதில் ஃபேஜ் என்றால் தின்பது. ஃபேஜ்களில் பல, பாக்டீரியாவை வெடிக்கச் செய்துதான் வெளியே வரும். அங்கே ‘கொல்லி’ ஓரளவு பொருந்தும். பூஞ்சை வைரஸ்களோ பெரும்பாலும் செல்லுக்குள்ளேயே குடியிருப்பவை, வெளியே வருவதே இல்லை. குடியிருக்கும் பூஞ்சை செத்தால் அவற்றுக்கும் போக்கிடம் இல்லை. பெரும்பாலானவை எந்த அறிகுறியும் காட்டாமல் கிடக்கின்றன. கெடுதலே இல்லை என்று சொல்லவில்லை. 1962இல் நோயுற்ற மொட்டுக் காளான்களில்தான் வைரஸ் துகள்களைக் கண்டார்கள். ஆனால் செஸ்ட்நட் மரங்களைக் கருக்கும் பூஞ்சையில் இருக்கும் ஹைப்போவைரஸைப் பாருங்கள். அது பூஞ்சையைக் கொல்வதில்லை, அதன் வீரியத்தைக் குறைக்கிறது. மரம் புண்ணை ஆற்றிக்கொண்டு பிழைக்கிறது. அதைக் ‘கொல்லி’ என்றால் இந்த முழுக் கதையும் தலைகீழாகிவிடும். போதாததற்கு, பூஞ்சைக்கொல்லி என்பது ஏற்கெனவே தெளிக்கும் மருந்துக்கு உள்ள பெயர். படிப்பவர் ஏதோ புது மருந்து என்றுதான் நினைப்பார்.

‘பூஞ்சை நச்சுயிரி’ என்பார்கள் சிலர். லத்தீனுக்கு நெருக்கம்தான், ஆனால் அஃப்ளாடாக்சின் போன்றவற்றைப் ‘பூஞ்சை நச்சு’ என்கிறோமே, இரண்டும் குழம்பும். என் தேர்வு ‘பூஞ்சைத் தீநுண்மி’. கூச்சமாக இருந்தால் ‘பூஞ்சை வைரஸ்’ என்றே எழுதுங்கள், பிழையில்லை. தப்பான தமிழைவிடச் சரியான கடன்சொல் எவ்வளவோ மேல்.

பரவும் விதத்திலும் இதே அவசரம். சளிக்காய்ச்சல் நினைப்பிலேயே ‘காற்றில் பரவும்’ என்று எழுதிவிடுகிறார்கள். நடப்பது வேறு. இரண்டு பூஞ்சை இழைகள் ஒன்றையொன்று தொடும், இடையிலுள்ள சுவர் கரையும், உட்சாறு கலக்கும். அந்த வழியாகத்தான் வைரஸ் அடுத்த பூஞ்சைக்குள் நுழைகிறது. இழைகள் ஒத்துப்போகாத வகையாக இருந்தால், இணைந்த செல்கள் மடியும், பெரும்பாலும் வைரஸுக்கும் வழி அடைபடும். இன்னொரு வழி ஸ்போர், அதாவது பூஞ்சை பரவ உதவும் விதை போன்ற நுண்துகள். செஸ்ட்நட் பூஞ்சையின் பாலிலா ஸ்போர்களில் வைரஸ் போகும், பாலினப் பெருக்கத்தில் உண்டாகும் ஸ்போர்களில் போகாது. காற்று எதையாவது சுமந்தால் அது ஸ்போரைத்தான், வைரஸ் இருந்தால் அதற்குள்தான். இதற்கு விலக்கும் உண்டு: 2010இல் சீனாவில் ஸ்கிளிரோடினியா பூஞ்சையில் அறியப்பட்ட ஒரு டிஎன்ஏ வைரஸ் வெளியிலிருந்தே பூஞ்சையைத் தொற்றும், கொசு போன்ற ஒரு சிறு பூச்சியும் அதைச் சுமக்கும். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ‘காற்றில் பரவும்’ என்று எழுத முடியாது. கட்டுரையில் அந்த வரியையும் அடித்துவிட்டு, ‘இழைகள் இணையும்போது கடக்கும்’ என்று மாற்றியிருக்கிறேன்.