ரிசர்வ்: காப்பா, ஒதுக்கா, கையிருப்பா?

2020 மார்ச்சில் கொரோனாவால் ஆட்டங்கள் நின்றுபோய் மைதானங்கள் பூட்டிக் கிடந்தபோது, கால்பந்து உலகம் முழுக்க ஒரே கேள்வி எழுந்தது: உலகக் கால்பந்தின் தலைமை அமைப்பான ஃபிஃபாவிடம் இருக்கும் ‘ரிசர்வ்’ எவ்வளவு, அதை எப்போது திறப்பார்கள்? 2018 இறுதிக் கணக்குப்படி அது 274.5 கோடி டாலர். இந்தச் செய்தியைத் தமிழில் சொல்லும்போது ‘சேமிப்பு’, ‘கையிருப்பு’, ‘ஒதுக்கீடு’ என்று வாய்க்கு வந்ததைப் போட்டுவிடுவது எளிது. ஆனால் மூன்றும் வேறு வேறு பொருள் தருபவை. மூன்றுமே இங்கே பொருந்தாதவை.

சொல்லின் வேர் லத்தீன். ‘செர்வாரே’ என்றால் காத்தல். முன்னால் ‘ரெ’ சேர்ந்து ‘ரெசெர்வாரே’ ஆகும்போது, பின்னுக்கு எடுத்து வைத்துக் காத்தல். பழைய பிரெஞ்சு வழியாக 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. பிரிசர்வ், கன்சர்வ், அப்சர்வ் எல்லாம் இதன் உடன்பிறப்புகள். ‘சர்வீஸ்’ மட்டும் வேறு குடும்பம். அது அடிமையைக் குறிக்கும் ‘செர்வுஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்தது.

தமிழில் இந்த ஒரு சொல்லுக்கு இடத்துக்கு இடம் வேறு பெயர். ரயிலில் முன்பதிவு. கல்வி, வேலைவாய்ப்பில் இட ஒதுக்கீடு. வனத்துறையின் பெயர்ப் பலகையில் காப்புக்காடு. அந்நியச் செலாவணி என்றால் கையிருப்பு. கணக்கியலுக்கு வந்தால்தான் சிக்கல், அதுவும் பாக் நீரிணையின் இரு கரையிலும் எதிரெதிரான சிக்கல். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ரிசர்வ் என்பது ‘காப்பு’, புரொவிஷன் என்பது ‘ஒதுக்கு’: பொதுக் காப்பு, வாரா ஐயக்கடன் ஒதுக்கு. இலங்கையிலோ ரிசர்வ்தான் ‘ஒதுக்கம்’ அல்லது ‘ஒதுக்கு’, புரொவிஷன் ‘ஏற்பாடு’: பொது ஒதுக்கம், ஐயக்கடன் ஏற்பாடு. ஆகவே ‘ஃபிஃபாவின் ஒதுக்கு’ என்று எழுதினால் மதுரையில் படிப்பவருக்கு ஒரு பொருள், யாழ்ப்பாணத்தில் படிப்பவருக்கு நேர் மாறான பொருள்.

வேறுபாடு இதுதான். எதிர்பார்க்கும் ஒரு செலவுக்காகவோ இழப்புக்காகவோ, லாபம் கணக்கிடும் முன்பே கழித்து வைப்பது ஒதுக்கு. எல்லாம் கழித்த பிறகு மிஞ்சியதில், நாளைக்கு என்ன வருமோ என்று விட்டு வைப்பது காப்பு. ஒதுக்கு வைத்தால் லாபம் குறையும். காப்பு அந்த லாபத்திலிருந்து பிறப்பது.

ஃபிஃபா சுவிஸ் சட்டப்படி ஒரு சங்கம். பங்குதாரர் கிடையாது, ஈவுத்தொகை கிடையாது. அதனால் சொத்துகளில் கடன்கள் போக மிஞ்சுவது ஏறத்தாழ முழுவதும் காப்பு என்றே, சொத்தையும் கடனையும் காட்டும் இருப்புநிலைக் குறிப்பில் உட்காருகிறது. கவனிக்க வேண்டியது, அது ஒரு பெட்டியில் பூட்டி வைத்த பணம் அல்ல. வங்கி வைப்பு, பத்திரங்கள், கட்டடம், வரவேண்டிய பாக்கி என்று ஒரு பக்கத்தில் பரவிக் கிடக்கும் சொத்துகளுக்கு எதிரே மறுபக்கத்தில் நிற்கும் ஓர் எண், அவ்வளவுதான். ‘சேமிப்பு’, ‘கையிருப்பு’ என்ற சொற்கள் தவறாவது இதனால்தான்.

2020 ஜூலை 29 அன்று ஃபிஃபா விவரம் வெளியிட்ட 150 கோடி டாலர் நிவாரணத் திட்டத்தை எடுத்துக்கொண்டால் இது பளிச்சென்று விளங்கும். அதில் மானியமும் உண்டு, வட்டியில்லாக் கடனும் உண்டு. 211 உறுப்புச் சங்கங்களுக்கும் தலா 10 லட்சம் டாலர் மானியம், பெண்கள் கால்பந்துக்கென்றே தலா 5 லட்சம், ஆறு கண்டக் கூட்டமைப்புகளுக்குத் தலா 20 லட்சம். கூட்டினால் 32.85 கோடி. கடனைப் பொறுத்தவரை, தணிக்கை செய்த ஆண்டு வருவாயில் 35 சதவீதம் வரை. ஆனால் தகுதித் தொகை 5 லட்சத்துக்குக் குறையாது, 50 லட்சத்தைத் தாண்டாது. 10 லட்சம் டாலர் வருவாயுள்ள சங்கத்துக்கு 35 சதவீதம் என்பது மூன்றரை லட்சம்தான், ஆனாலும் 5 லட்சம் கேட்கலாம். 80 லட்சம் வருவாய் என்றால் 28 லட்சம். 2 கோடி வருவாய் என்றால் கணக்குப்படி 70 லட்சம் வரும், ஆனால் 50 லட்சத்தோடு நின்றுவிடும்.

இப்போது இரண்டையும் ஃபிஃபாவின் ஏட்டில் எழுதிப் பாருங்கள். 10 லட்சம் மானியம் கொடுத்தால் ரொக்கம் 10 லட்சம் குறையும். அது செலவு, ஆகவே காப்பும் 10 லட்சம் குறையும். 50 லட்சம் கடன் கொடுத்தால் ரொக்கம் 50 லட்சம் குறையும், ‘வரவேண்டிய கடன்’ என்ற வரியில் ஏறத்தாழ அதே தொகை ஏறும். வட்டியில்லை என்பதற்காக, பின்னால் வரப்போகும் பணத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடுவதால் வரும் சிறு தொகை தவிர, காப்பு அசையாது. வாங்கிய சங்கம் திருப்பித் தருவது சந்தேகம் என்று தெரிந்தால் வாரா ஐயக்கடன் ஒதுக்கு உருவாக்க வேண்டும். அந்த ஒதுக்கு அந்த ஆண்டின் செலவாகி, காப்பை அரிக்கும். ஒதுக்கும் காப்பும் ஒரே வாக்கியத்தில் எதிரெதிராக வரும் இடம் இது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போட்டால் வாக்கியமே விழுந்துவிடும்.

இன்னொரு குழப்பமும் உண்டு. 2020 ஏப்ரலில் ஃபிஃபா ஒவ்வொரு சங்கத்துக்கும் 5 லட்சம் டாலர் விடுவித்தது. அது ஏற்கெனவே வரவுசெலவுத் திட்டத்தில் இருந்த நிர்வாகச் செலவுப் பணம். மாறியது தேதி மட்டுமே. அதே மாதம் ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஃபா தன் 55 சங்கங்களுக்கு 23.65 கோடி யூரோ, அதாவது தலா 43 லட்சம் வரை விடுவித்ததும், சங்கங்களுக்கு உதவும் அதன் வழக்கமான ‘ஹேட்ரிக்’ திட்டப் பணமே. இவற்றைக் ‘காப்பிலிருந்து எடுத்தார்கள்’ என்று எழுதக் கூடாது. ‘முன்கூட்டியே விடுவித்தார்கள்’ என்பதே சரி.

ஃபிஃபாவின் காப்பு 2019 இறுதியில் சுமார் 259 கோடி டாலர், 2020 இறுதியில் சுமார் 188 கோடி. இந்தச் சரிவு முழுவதையும் கொரோனாவின் தலையில் கட்டுவது நியாயமில்லை. உலகக் கோப்பையின் தொலைக்காட்சி உரிமை வருவாய், போட்டி நடக்கும் ஆண்டில்தான் கணக்கில் ஏறும். அதனால் நான்காண்டுச் சுழற்சியில் முதல் மூன்று ஆண்டுகள் காப்பு கரைவதும், நான்காம் ஆண்டில் நிரம்புவதும் இயல்பு. கத்தார் போட்டி முடிந்த 2022 இறுதியில் அது 397 கோடியாக நின்றது. அப்படி ஒரு காப்பு பின்னால் இல்லாத அமைப்புகள் பட்ட பாடு வேறு. இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கம் 2020 ஜூனில் நான்காண்டுகளில் 30 கோடி பவுண்டு வரை இழப்பு வரலாம் என்று சொல்லி, 124 பணியிடங்களை நீக்க முன்வந்தது. அவர்கள் வருமானத்தில் ஒரு பகுதி, வெம்ப்ளி மைதானத்தில் ஆட்டமும் கூட்டமும் இருந்தால்தான் வரும்.

ஆக, எந்தச் சொல்லைக் கொள்வது? ‘காப்பு’ என்பதே நம் தேர்வு. ‘கா’ என்ற வினையிலிருந்து பிறந்தது, ‘செர்வாரே’ சொல்வதும் அதே காத்தலைத்தான். திருவிழாவில் காப்புக் கட்டுவதும், நூலின் தொடக்கத்தில் காப்புச் செய்யுள் வைப்பதும், வரப்போகும் இடருக்கு எதிராக முன்கூட்டியே செய்வது. அந்த நிழல் இந்தச் சொல்லில் இன்னும் இருக்கிறது. ‘காப்பு நிதி’ என்று நீட்ட வேண்டாம். காப்புத் தொகையைத் தொழிலுக்கு வெளியே தனியாக முதலீடு செய்து வைத்தால்தான் கணக்கியலில் அந்தப் பெயர். ‘சேமநிதி’யும் ஆகாது. இலங்கையில் ஊழியர் சேமலாப நிதியை அது நினைவுபடுத்தும். ‘காப்பீடு’ இன்ஷூரன்ஸுக்குப் போய்விட்டது, எழுத்துப் பிழையாகக்கூட அது வரக் கூடாது.

எழுதும் முறை இப்படி இருக்கலாம்: ‘மானியங்களால் ஃபிஃபாவின் காப்பு குறைந்தது, கடன்களால் அதன் ரொக்கம் குறைந்தது, திரும்பாத கடன்களுக்கு ஒதுக்கு வைக்கப்பட்டால் காப்பு மேலும் குறையும்.’ இலங்கை வாசகர்களுக்கென்றால் இதே வாக்கியத்தில் காப்பு என்ற இடத்தில் ஒதுக்கம், ஒதுக்கு என்ற இடத்தில் ஏற்பாடு. இரு கரையாரும் படிக்கும் இடமானால் முதல் முறை வரும்போது மட்டும் ‘காப்பு, அதாவது இலங்கை வழக்கில் ஒதுக்கம்’ என்று சேர்த்துவிட்டால் போதும்.